பச்சைச் சுவருடன் ஒரு செட்டிநாட்டுச் சாப்பாட்டுக் கூடம்: அமைக்கும் முறை

செட்டிநாட்டுப் பழைய வீட்டின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பச்சை வண்ணம் பூச விரும்புகிறவர்கள், பெயிண்ட் கடையில் வண்ண அட்டையைப் புரட்டுவதற்கு முன்னால் கூடத்தின் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்து நன்றாகப் பார்க்க வேண்டும். அங்கே மாற்றக் கூடாதவை இரண்டு உண்டு. ஒன்று தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல். மற்றொன்று தூணிலும் நிலையிலும் உள்ள பர்மாத் தேக்கு. சுவரின் பச்சைதான் இவ்விரண்டுக்கும் இசைய வேண்டும்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில், கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றிக் கையாலேயே வார்க்கப்படும் இந்தக் கற்களில் காவிச் சிவப்பும் மஞ்சளும் கரும்பச்சையும் அடிக்கடி வரும். உங்கள் தரையில் பச்சை இருந்தால், அதே பச்சையில் வெள்ளை கலந்து இரண்டு மூன்று படி வெளிற வைத்த வண்ணமே சுவருக்குப் போதும். தரை முழுவதும் சிவப்பாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும் என்பதால், அங்கே கிளிப்பச்சை பூசினால் கண் கூசும். சாம்பல் சாயல் கொண்ட பாசிப்பச்சையே பொருந்தும். நீலம் கலந்த பச்சையை நான் பரிந்துரைப்பதில்லை. மஞ்சள் பக்கம் சாய்ந்த பச்சையின் முன்புதான் தேக்கின் பொன்னிறம் இயல்பாகத் தெரிகிறது.

தேர்ந்த வண்ணத்தை நேராகச் சுவரில் பூசாமல், இரண்டு அடிக்கு இரண்டு அடி பலகையில் பூசி, காலை, உச்சி, விளக்கு வைத்த பிறகு என மூன்று வேளையும் பாருங்கள். வளவு முற்றத்தை ஒட்டிய சுவரில் வெளிச்சம் நிறைய விழும், உள்மூலையில் குறைவாகவே விழும் என்பதால், பலகையை இரண்டு இடத்திலும் சாய்த்து வைத்துப் பார்ப்பது அவசியம். இருண்ட கூடத்தை வெளிர்பச்சையால் வெளிச்சமாக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மங்கலான ஒளியில் வெளிர்பச்சை சாம்பலாகத்தான் தெரியும். அத்தகைய இடத்துக்கு அழுத்தமான பச்சையே சிறந்தது.

பூசுவதற்கு முன் சுவர் எத்தகையது என்று தெரிந்துகொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பளபளப்பான சுண்ணாம்புப் பூச்சு இருக்கும் பகுதியில் எந்த வண்ணமும் பூச வேண்டாம். அந்த வேலைப்பாடு ஒருமுறை மறைந்தால் மீட்பது மிகக் கடினம். மற்றச் சுண்ணாம்புச் சுவர்களுக்கு வண்ணச் சுண்ணாம்பே ஏற்றது. ஈரத்தை வெளியேற விடாத பிளாஸ்டிக் எமல்ஷன் அங்கே நாளடைவில் உரிந்து விழும். குரோமியம் ஆக்சைடுப் பச்சையும் பச்சை மண் நிறமியும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். பிரஷ்யன் நீலம் கலந்து செய்த பச்சைப் பொடி தாங்காது. சுவரில் ஏற்கெனவே பழைய எண்ணெய்ப் பெயிண்ட் இருந்தால் அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று வரையறுத்த விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள் பெயிண்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உணவு உண்ணும் இடம் என்பதால், நனைத்துத் தேய்த்து, கழிவைத் துணியோடு திரட்டி அகற்றி, அந்நாட்களில் குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு போதும். கூரையும் பச்சையானால் அந்தச் சாயல் சோற்றின் மீதும் முகங்களின் மீதும் விழும். விளக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் ஒளியாகவும், நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதைக் குறிக்கும் சிஆர்ஐ அளவு 90-க்குக் குறையாததாகவும் இருக்கட்டும். மேசை போடுவதாக இருந்தால் தொங்கு விளக்கு மேசைப் பரப்பிலிருந்து சுமார் 75 செ.மீ. உயரத்திலும், மேசை விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே 90 செ.மீ. இடைவெளியும் இருந்தால், பரிமாறுகிறவர் தடையின்றி நடக்கலாம். தரையில் பந்தி வைத்து இலை போடும் வழக்கம் தொடர்கிற வீட்டில், விளக்கைக் கூரையோடு ஒட்டி மாட்டுவதே நல்லது.

சுவரில் மாட்டுபவை குறைவாக இருக்கட்டும். பச்சையின் மேல் பொன் நன்றாக எடுபடும் என்பதால், ஒரு தஞ்சாவூர் ஓவியமோ தேக்குச் சட்டமிட்ட பழைய நிலைக்கண்ணாடியோ ஒரு சுவருக்குப் போதுமானது. பித்தளைக் கூஜாவையும் அடுக்குகளையும் புளி போட்டுத் துலக்கி மாடத்தில் வையுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் எனாமல் தட்டுகளும் இந்தச் சுவருக்கு அழகு சேர்க்கும். திரைச்சீலைக்கும் மேசை விரிப்புக்கும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் கட்டங்களில் கடுகு மஞ்சளும் அரக்குச் சிவப்பும் கொண்டதைத் தேர்ந்தால், தரையின் வண்ணமே துணியிலும் வந்து நிற்கும். இவற்றை மாட்டப் பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள், பூச்சு பெயர்ந்துவிடும். உத்தரத்தை ஒட்டி ஒரு தேக்குச் சட்டம் பொருத்தி, அதிலிருந்து பித்தளைச் சங்கிலியில் தொங்கவிடுங்கள்.