வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் கெர்னல்: தேர்வும் அமைப்பும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்ததால், விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளில் லினக்ஸை நிறுவிக்கொண்ட வீடுகள் சேலத்திலும் உண்டு. அவ்வாறு மாறியவர்களுக்குச் சில வாரங்களிலேயே எழும் கேள்வி, எந்தக் கெர்னலை வைத்துக்கொள்வது என்பதாகும். வன்பொருளையும் மென்பொருளையும் இணைத்து இயக்கும் லினக்ஸின் மையப் பகுதியே கெர்னல். ஒரே கணினியில் இரண்டு மூன்று கெர்னல்களை நிறுவிவைத்து, தொடங்கும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்ள லினக்ஸ் இடம் தருகிறது. எனவே பழையதை அழிக்காத வரையில், புதியதைச் சோதித்துப் பார்க்க அஞ்ச வேண்டியதில்லை.

இப்போது ஓடுவது எது என்பதை முதலில் அறிய வேண்டும். டெர்மினலில் 'யூநேம்' என்னும் கட்டளையை 'ஆர்' என்ற தெரிவுடன் கொடுத்தால் பதிப்பெண் தெரியும். உபுண்டு 24.04 வெளிவந்தபோது அதில் 6.8 இருந்தது, டெபியன் 12-இல் 6.1, டெபியன் 13-இல் 6.12. புதிய பதிப்பு ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது என்றாலும், எண் பெரிதாக இருப்பதால் மட்டும் கணினியின் வேகம் கூடிவிடாது. பாதுகாப்புத் திருத்தங்களை, உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பான டிஸ்ட்ரோவைப் பராமரிப்பவர்கள் பழைய எண்ணிலேயே சேர்த்து வழங்குவதால், எல்லாம் ஒழுங்காக ஓடும் வீட்டில் டிஸ்ட்ரோ தரும் கெர்னலே போதும் என்பது என் முடிவு.

மாற்றுவதற்கு நியாயமான காரணம் பெரும்பாலும் வன்பொருளாகத்தான் இருக்கும். ரியல்டெக் 8852பிஇ வைஃபை சில்லுக்கான டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், 6.2-இல்தான் கெர்னலுக்குள் வந்தது. ஆகவே அந்தச் சில்லுள்ள மடிக்கணினியில் டெபியன் 12-ஐ நிறுவினால் வைஃபை தென்படாது. இணையத்தில் கிடைக்கும் தனி டிரைவரைத் தேடி அலைவதைவிட, நிலையான பதிப்புக்குப் புதிய மென்பொருள்களைத் தரும் டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை நிறுவுவதே முறையான வழி. உபுண்டுவில் இதே பணியை எச்டபிள்யூஇ என்ற கெர்னல் வரிசை செய்கிறது.

மூலநிரலிலிருந்து சொந்தமாகக் கெர்னலை உருவாக்குவது, அதாவது கம்பைல் செய்வது, கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ளவர்களுக்கு உரியது. மூலநிரலைச் சுருக்கிய கோப்பாகவே இறக்கிக்கொள்ளுங்கள், 6.12-க்கு அது சுமார் 140 எம்பிதான். மாற்றங்களின் வரலாற்றோடு கூடிய கிட் களஞ்சியம் முழுவதையும் இறக்கினால் பல ஜிபி போய்விடும். ஏற்காட்டில் செல்பேசி டேட்டாவை நம்பியிருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அடுத்து, பூட் அடைவிலுள்ள இப்போதைய கெர்னலின் கான்ஃபிக் (அமைப்புத் தெரிவுகள்) கோப்பை மூலநிரல் அடைவுக்குள் நகலெடுத்து, 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். டிஸ்ட்ரோவின் கெர்னலில் ஆயிரக்கணக்கான மாட்யூல்கள், அதாவது தேவைப்படும்போது ஏற்றப்படும் டிரைவர் போன்ற துண்டுகள், இருக்கும். இக்கட்டளை அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கிவிடும்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையுடன் கூடிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வெள்ளி நிறுக்கும் மின்னணுத் தராசு, யூஎஸ்பி-சீரியல் கேபிள் மூலம் கணினியுடன் இணைகிறது. அந்தக் கேபிளுக்குள் இருக்கும் சிஎச்340 சில்லை இயக்குவது சிஎச்341 என்னும் மாட்யூல். கட்டளை கொடுக்கும் வேளையில் தராசின் கேபிள் செருகப்படாமல் இருந்தால் அந்த மாட்யூல் புதிய கெர்னலில் இடம்பெறாது. மறுநாள் பில் போடும் மென்பொருள் போர்ட்டைத் தேடும்போது அங்கே ஒன்றும் இருக்காது. ஆகையால் தராசு, பிரிண்டர், பென்டிரைவ், வெப்கேம், புளூடூத் என வீட்டில் பயன்படும் ஒவ்வொன்றையும் செருகி, ஒருமுறை இயக்கிப் பார்த்த பிறகே கட்டளையைக் கொடுக்க வேண்டும்.

உபுண்டுவின் கான்ஃபிக்கைப் பயன்படுத்துவோர், 'சிஸ்டம் ட்ரஸ்டட் கீஸ்' என்ற அமைப்பையும், நீக்கப்பட்ட சாவிகளுக்கான அதன் இணை அமைப்பையும் வெறுமையாக்க வேண்டும். இல்லையெனில் சான்றிதழ்க் கோப்பைக் காணவில்லை என்று பாதியில் நின்றுவிடும். பிழை தேட உதவும் டீபக் தகவலையும் நிறுத்திவிட்டால் வட்டில் பல ஜிபி மிச்சமாகும். பிறகு 'மேக் பின்டெப்-பிகேஜி' கட்டளை, நிறுவத் தக்க டெப் கோப்புகளை உருவாக்கித் தரும். என்விடியா டிரைவர் வைத்திருப்போர், அதைப் புதிய கெர்னலுக்கு ஏற்பக் கட்டமைக்க உதவும் ஹெடர்ஸ் கோப்பையும் சேர்த்தே நிறுவ வேண்டும். கம்பைல் முடியும்வரை பிராசசர் முழு வேகத்தில் ஓடிச் சூடாகும் என்பதால், சேலத்துச் சித்திரை வெயிலில் இதை இரவுக்கு ஒத்திவைப்பது நல்லது. இடையில் மின்சாரம் போனால், மீண்டும் அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். புரியாத பிழைகள் வந்தால் மட்டும் 'மேக் கிளீன்' செய்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

நம்பகமான கையொப்பம் உள்ளவற்றை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், கையொப்பமிடாத சொந்தக் கெர்னல் தொடங்காது. சொந்தச் சாவியை 'மோக்யூட்டில்' மூலம் பதிந்து, கெர்னலில் கையொப்பமிடலாம். அல்லது செக்யூர் பூட்டை அணைக்கலாம். அதே கணினியில் வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டிய விண்டோஸும் இருந்தால், அணைக்கும் முன் மீட்புச் சாவியைக் கையில் வைத்திருப்பது கட்டாயம்.

புதிய கெர்னல் பாதியில் நின்றுவிட்டால், கணினியைத் தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி தொடக்க நிரலான க்ரப்பின் பட்டியலை வரவழைத்து, மேம்பட்ட தெரிவுகளில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். அதே பட்டியலில் 'இ' விசையை அழுத்திக் கெர்னல் அளவுருக்களை (தொடங்கும்போது அதற்குத் தரும் தெரிவுகளை) ஒருமுறைக்கு மட்டும் மாற்றியும் பார்க்கலாம்; பயன் தெரிந்த பின்னரே க்ரப் கோப்பில் நிரந்தரமாக எழுதி, 'அப்டேட்-க்ரப்' கொடுக்க வேண்டும். வேகம் கூடும் என்று சிலர் பரிந்துரைக்கும் 'மிட்டிகேஷன்ஸ் ஆஃப்' அளவுரு, பிராசசரின் குறைபாடுகளுக்கான காப்புகளை நீக்கிவிடுவதால், வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதற்கு இடமே இல்லை.

கெர்னல்கள் இருக்கும் பூட் பகுதி வட்டில் தனியாகவும் சிறிதாகவும் இருந்தால் சில புதுப்பிப்புகளிலேயே நிறைந்துவிடும். ஏபிடி கட்டளையின் 'ஆட்டோரிமூவ்' தெரிவு தேவையற்ற பழைய டிஸ்ட்ரோ கெர்னல்களை நீக்கும். நீங்களே கம்பைல் செய்து நிறுவியவற்றை நீங்களேதான் நீக்க வேண்டும்.