தண்ணீர் கெட்டால் தொட்டியைக் கழுவாதீர்கள்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்குக் கீழ் வீட்டுப் பையன் வந்து கதவைத் தட்டினான். "அங்கிள், மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குது. சனிக்கிழமைதான் எல்லாத்தையும் கழுவினேன்" என்றான். அந்த 'எல்லாத்தையும்' காதில் விழுந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது, ஏனென்றால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் எல்லாத்தையும் கழுவியவன்தான்.

தீனியை அள்ளிப் போடாதே, சின்னத் தொட்டியில் இருபது மீன் விடாதே என்பதையெல்லாம் மீன் விற்பவரே சொல்லி அனுப்புவார். தண்ணீர் கெட்டுவிட்டது என்று தெரிந்த பிறகு அதைச் சரி செய்கிறேன் பேர்வழி என்று நாம் செய்யும் கூத்துகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மொத்தத் தண்ணீரையும் கொட்டி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும், இன்னமும் எனக்கு எரிச்சல் வருகிற தவறு இது.

என் முதல் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கல்லெல்லாம் போட்ட பிறகு நாற்பத்தைந்து லிட்டர் பிடிக்கும். கொளத்தூர் போய் நாலு கோல்ட்ஃபிஷ் வாங்கி வந்தேன். ஒரு வாரத்தில் தண்ணீர் கஞ்சித் தண்ணி மாதிரி வெளுத்துக் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மீனை வாளிக்கு மாற்றி, கல்லை அரிசி களைவது மாதிரி ஏழெட்டுத் தடவை களைந்து, ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும் வரை கசக்கிப் பிழிந்து, கண்ணாடியைத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பி விளக்கைப் போட்டேன். கடையில் வைத்த தொட்டி மாதிரி பளபளத்தது, போட்டோ கூட எடுத்தேன். புதன்கிழமை மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின, ஒன்றுக்குச் செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது. தண்ணீர் இன்னும் சுத்தமாகவில்லை போல என்று நினைத்து மறுபடியும் கழுவினேன். மாசக் கடைசியில் கண்ணாடித் தொட்டி மட்டும் மிச்சம்.

நடந்தது என்னவென்றால், மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், அதோடு கழிவும் தின்னாமல் அழுகிய தீனியும் சேரும். அம்மோனியா மீனுக்கு விஷம், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு வகை பாக்டீரியா, அந்த நைட்ரைட்டையும் நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை. நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன, புதுத் தொட்டியில் அவை ஊன்றிக்கொள்ள நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நாம் அழுக்கு என்று நினைத்துக் கசக்கி எறிகிற அந்தப் பழுப்பு வழவழப்பில்தான் அவை குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் குளோரின் வேறு இருக்கும், அதன் வேலையே பாக்டீரியாவைக் கொல்வது. அப்புறம் தொட்டி முதல் நாளுக்குத் திரும்பிவிடும், மீன் மட்டும் அதே நாலு.

அந்தக் கஞ்சிக் கலங்கலும் புதுத் தொட்டியில் வருகிற வேறொரு பாக்டீரியாக் கூட்டம்தான். தீனியைக் குறைத்துக் காற்றை நன்றாக விட்டால் சில நாளில் தானே அடங்கும். நான் சும்மா இருந்திருந்தாலே போதும்! தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதற்கும் சுத்தமாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள், சொட்டு விடுகிற வகை. பெரும்பாலான கிட்களில் மஞ்சளாக இருந்தால் சரி, பச்சையாக மாற ஆரம்பித்தால் பிரச்சினை ஆரம்பம். மீன் வாங்கிய காசைவிடக் கிட் அதிகம் என்று முனகுவார்கள், நானும் முனகியவன்தான்.

ஸ்பாஞ்சைக் கழுவவே கூடாதா என்றால், கழுவலாம். தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு குவளையில் பிடித்து, அதில் இரண்டு மூன்று முறை லேசாக அமுக்கி எடுங்கள். ஓட்டம் தடைபடாமல் இருந்தால் போதும், வெள்ளையாக வேண்டியதில்லை. கல்லைக் களைகிற வாரம் ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள்.

டேங்க் கழுவிய நாளில் தண்ணீர் பிடிப்பது

அபார்ட்மென்ட்காரர்கள் கவனிக்க. சம்பையும் மேல் டேங்கையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிற நாள் ஒன்று வரும், வாட்ஸ்அப் குரூப்பில் நாம் படிக்காமல் தள்ளிவிட்டுப் போகிற மெசேஜ் அது. அன்றைக்குக் குழாயில் வருகிற முதல் தண்ணீர் நீச்சல் குளம் மாதிரி மணக்கும். இரண்டு நாள் கழித்து மாற்றினால் ஒன்றும் குடிமுழுகாது.

சாதாரண நாளிலும் நேராகக் குழாயிலிருந்து ஊற்றாதீர்கள். வாளியில் பிடித்து, ஏர் பம்ப் கல்லைப் போட்டு ஒரு நாள் விட்டால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று கொடுக்கிற படிகம், அது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட், நிமிஷத்தில் வேலையை முடிக்கும். இன்னொன்று, ஏப்ரல் மத்தியானத்தில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கையே வைக்க முடியாது. காலையில் மாற்றுங்கள்.

ஊற்றுவது போர்வெல் தண்ணீர் என்பதை மறந்துவிடுவது

பல மாதம் தண்ணீரே மாற்றாத பழைய தொட்டியில் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, மெல்ல இறங்கி ஏழுக்குக் கீழே போயிருக்கும். அங்கே அம்மோனியா சேர்ந்திருந்தாலும் பெரும்பகுதி அம்மோனியமாக, அதாவது அதிகம் கடிக்காத வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். திடீரென்று ஞானம் வந்து பாதித் தொட்டிக்கு போர் தண்ணீரை ஊற்றுவோம், அதன் பிஎச் பல இடங்களில் எட்டை ஒட்டி இருக்கும். பிஎச் ஏழிலிருந்து எட்டுக்குப் போனால் விஷ வடிவம் கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது. இத்தனை நாள் அழுக்கில் நன்றாக இருந்த மீன் சுத்தம் செய்த அன்றைக்குச் செத்துப்போச்சே என்று புலம்புகிறவர்கள் கதை பெரும்பாலும் இதுதான். அப்படிப்பட்ட தொட்டியில் நாளுக்குப் பத்து சதவீதம், அதற்கு மேல் வேண்டாம்.

கலங்கினால் நீல மருந்து

கலங்கலுக்கு மெத்திலீன் ப்ளூ மருந்தே இல்லை. நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துப் பாதிக்கும், தொட்டியின் சிலிக்கான் ஓரமெல்லாம் நீலமாகிவிடும்.

ராத்திரி ஃபில்டரை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். சத்தம் தூக்கத்தைக் கெடுத்தால் தொட்டியை ஹாலுக்கு மாற்றுங்கள்.

கொசு மருந்து

கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கிற ஸ்ப்ரேயில் பெரும்பாலும் பைரெத்ராய்டு வகைதான் இருக்கும். மீனுக்கு அது கொடிய விஷம், துளி போதும். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. என் மாமியார் தொட்டிக்குப் பின்னால் கரப்பான் பார்த்து அடித்த அடியில் மூன்று கப்பி மீன் போயின, கரப்பான் தப்பித்தது. அடித்தே ஆக வேண்டுமானால் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடி, அறை நன்றாகக் காற்றாடிய பிறகு மறுபடி போடுங்கள்.

சரி, கீழ் வீட்டுப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். போய்ச் சொட்டு விட்டுப் பார்த்தால் டெஸ்ட் கிட் குழாயில் நல்ல கரும்பச்சை. அவனிடம் குளோரின் போன தண்ணீர் ஒரு வாளி இருந்தது, அதை வைத்துத் தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றினோம். தீனி இரண்டு நாளைக்குக் கிடையாது என்றேன், பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஏர் பம்பை முழு வேகத்துக்கு வைத்துவிட்டு, மேலே வந்து என் தொட்டியில் இரண்டு வருஷமாக ஓடுகிற ஸ்பாஞ்சைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் பிழிந்தேன். வடிகட்டாத டீ மாதிரி பழுப்பாக வந்தது. அதைக் கொண்டுபோய் அவன் ஃபில்டருக்கு மேலேயே ஊற்றினேன், என் தொட்டியில் நோய் எதுவும் இல்லை என்று தெரிந்ததால்தான் அந்தத் துணிச்சல். அவன் அம்மா சமையலறை வாசலில் நின்று, "இப்பத்தானே காசு செலவு பண்ணி எல்லாத்தையும் சுத்தம் பண்ணினோம், இந்தச் சாக்கடையைக் கொண்டுவந்து ஊத்துறீங்களே" என்றார்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அதே அளவு தண்ணீர் மாற்றினோம். ஆறில் நாலு மீன் பிழைத்தன. ஸ்பாஞ்ச் இப்போது லேசாகப் பழுப்பேறியிருக்கிறது, அதைக் கழுவட்டுமா என்று பையன் நேற்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான்.