ரவுட்டர் வாங்கப் போறீங்களோ? காசைக் குடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

போன மாசம் விசுவமடுவில இருந்து சித்தப்பா கோல் எடுத்தார். "தம்பி, நெட் ஊருது, வீடியோ கோல் எடுத்தா பேரப்பிள்ளையின்ர முகம் கட்டம் கட்டமாத்தான் தெரியுது, கனடாவில இருந்து பெரியவன் நல்ல ரவுட்டர் ஒண்டு அனுப்பிறானாம், எது நல்லதெண்டு சொல்லு" எண்டார். நான், கொஞ்சம் பொறுங்கோ சித்தப்பா, இப்ப ஒண்டும் அனுப்பச் சொல்லாதேங்கோ எண்டன், ஆனா அதுக்குள்ள பார்சல் ஏறிட்டுது. வந்து இறங்கினது எட்டுக் கொம்போட மல்லாக்க விழுந்த சிலந்தி மாதிரி ஒரு கறுத்தப் பெட்டி, நல்ல விலையான சாமான், வடிவாத்தான் இருந்துது, சிம் போடுற ஓட்டை மட்டும் இல்லை.

இதுதான் எங்கட பக்கத்தில கனபேர் விடுற முதல் பிழை. கிளிநொச்சி ரவுணுக்குள்ள, ஏ9 ரோட்டோரம் இருக்கிற ஆக்களுக்கு வயரால வாற ஃபைபர் நெட் கிடைக்கலாம், உள்ளுக்க போகப் போக துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி மாதிரி இடங்களில கனக்க வீடுகளுக்கு நெட் வாறது டவரால தான், சிம் போட்ட 4ஜி பெட்டியால. அந்தப் பெட்டி ரெண்டு வேலை செய்யுது. ஒண்டு டவரில இருந்து நெட்டை வீட்டுக்குக் கொண்டு வாறது, மற்றது வந்ததை வைபையா வீட்டுக்குள்ள பரப்புறது. கனடாப் பெட்டி செய்யிறது ரெண்டாவது வேலை மட்டும். கிணத்தில தண்ணி இல்லாத இடத்தில ரெண்டு குதிரைவலு மோட்டர் பூட்டி என்ன பிரயோசனம்?

அப்ப வாங்க முதல் பாக்க வேண்டியது எந்த ரவுட்டர் நல்லது எண்டு இல்லை, எந்தப் பக்கம் ஊருது எண்டு. அதுக்கு ஒரு காசும் போகாது. லப்டொப் இருந்தா ரவுட்டரோட கேபிளில குடுத்து ஸ்பீட் டெஸ்ட் அடியுங்கோ, இல்லாட்டி போனைக் கொண்டு போய் ரவுட்டருக்குக் கிட்ட ஒரு மீற்றர் தூரத்தில நிண்டு அடியுங்கோ, பிறகு நீங்கள் வழமையா இருந்து பாக்கிற அறைக்குள்ள போய் அடியுங்கோ. கிட்ட நிண்டா 20 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தை அளக்கிற கணக்கு), அறைக்குள்ள 2 எண்டா பிழை வைபையில. கிட்ட நிண்டும் 2 தான் எண்டா பிழை டவர்ப் பக்கம், நீங்கள் எவ்வளவு விலைக்கு வைபை ரவுட்டர் வாங்கினாலும் அந்த 2 எம்பிபிஎஸ் தான் வடிவா வீடு முழுக்கப் பரவும். போனில வைபை கோடு நாலும் புல்லா நிக்குது ஏன் நெட் இல்லை எண்டு கேக்கிற ஆக்கள் கனக்க, அந்தக் கோடு காட்டுறது உங்கட போனுக்கும் ரவுட்டருக்கும் இடையில உள்ள சிக்னலை, டவருக்கும் ரவுட்டருக்கும் இடையில என்ன நடக்குதெண்டு அதுக்குத் தெரியாது.

டெஸ்டை பின்னேரம் எட்டு மணிக்கும் ஒருக்கா, விடிய அஞ்சு மணிக்கும் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ. விடிய பறக்குது, இரவில படுக்குது எண்டா டவரில சனம் கூட, அதுக்கு ரவுட்டர் மருந்தில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியிட்ட வேற நெட்வேர்க் சிம் இருந்தா அதே எட்டு மணிக்கு அவன்ர போனில உங்கட விறாந்தையில வைச்சு ஒரு டெஸ்ட் அடியுங்கோ, சிலநேரம் சிம்மை மாத்தினாலே கதை முடிஞ்சுது.

வெளிநாட்டுச் சாமான் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லோணும், ஏனெண்டா எங்கட வீடுகளில முக்கால்வாசிக்கும் ஒரு அண்ணையோ மாமியோ கனடாவிலயோ லண்டனிலயோ இருக்கினம், அவை ஆசையா அனுப்புவினம். சிம் ஓட்டை இருக்கிற 4ஜி ரவுட்டரா இருந்தாலும் பேண்ட் ஒத்துப் போகோணும். பேண்ட் எண்டா டவரும் ரவுட்டரும் கதைக்கிற அலைவரிசை, கண்டிக்குப் போற பஸ்ஸை மன்னார் ரோட்டில நிண்டு மறிக்க ஏலாது தானே. இஞ்ச இலங்கையில 1800 மெகாஹேர்ட்ஸ், அதைத்தான் பேண்ட் 3 எண்டுவினம், 2300 மெகாஹேர்ட்ஸ் எண்ட பேண்ட் 40, இந்த மாதிரி ஓடுது. கனடாவில பேண்ட் 4, 12, 13, 66 எண்டு வேற ஒழுங்கு, அங்கத்தைய ரவுட்டர் சிலதில பேண்ட் 40 அறவே இல்லை. லண்டன் சாமானில பேண்ட் 3 இருக்கும், 40 இருக்கோ எண்டு பாக்கோணும். உங்கட இடத்து டவரில எந்த பேண்ட் எண்டு சிம் குடுக்கிற ஆக்களிட்டயே கேளுங்கோ, பெட்டியின்ர பக்கத்தில இருக்கிற நம்பரோட ஒத்துப் பாருங்கோ, பிறகு அனுப்பச் சொல்லுங்கோ. இன்னொண்டு, சிம் போடுற எந்தப் பெட்டியெண்டாலும் ஐஎம்ஈஐ எண்டு அதுக்கெண்டே ஒரு அடையாள நம்பர் இருக்கும், ஐஎம்ஈஐ எண்டு இங்கிலிஷில அடிச்சு ஒரு இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் 1909க்கு எஸ்எம்எஸ் போட்டா தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில பதிவு இருக்கோ எண்டு பதில் வரும். செக்கன்ட் ஹாண்ட் வாங்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கோ, அதோட உங்கட சிம்மை அந்த இடத்திலயே போட்டு நெட் வருதோ எண்டு பாக்காமல் காசு குடுக்காதேங்கோ, ஒரு நெட்வேர்க்குக்கு மட்டும் லொக் பண்ணின பெட்டியள் கனக்க சுத்துது.

சரி, இனி பெரிய விசயம். புது ரவுட்டர் வாங்காமலே நெட் கூடுறது வைக்கிற இடத்தால. சித்தப்பா வீட்டில பழைய 4ஜி பெட்டி இருந்தது சாமியறைக்கும் குசினிக்கும் நடுவில, பிளக் அங்க தான் இருக்கெண்டு, அதுக்கு மேல நேர தகரக் கூரை. தகரம் சிக்னலைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கும், வெளியில இருந்து வாறதும் வராது, உள்ளுக்க இருந்து போறதும் போகாது. நான் நீட்டு வயர் ஒண்டு எடுத்து, கதிரைக்கு மேல ரவுட்டரை வைச்சு, போனில 192.168.8.1 எண்டு அடிச்சு உள்ளுக்க போனன் (சில பெட்டிக்கு வேற நம்பர், அடியில ஒட்டியிருக்கும்). அதில ஆர்எஸ்ஆர்பி எண்டு ஒரு நம்பர் இருக்கும், டவர் சிக்னல் எவ்வளவு பலம் எண்டு மைனஸில காட்டும், மைனஸ் 80 எண்டா நல்லம், 100ஐத் தாண்டினா சோர்வு, 110க்கு அங்கால எண்டா இழுபறி. எஸ்ஐஎன்ஆர் எண்டு இன்னொண்டு, அது இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு கூட எண்டு சொல்லுறது, 20க்கு மேல நல்லம், 0க்குக் கிட்ட வந்தா கூத்து. சாமியறையடியில மைனஸ் 113, எஸ்ஐஎன்ஆர் 1. கதிரையைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு சன்னலடியா வைச்சு ரெண்டு நிமிசம் நிண்டு பாத்து எழுதினன், சித்தி என்ன பூசை செய்யிறாய் எண்டு சிரிக்கிறா. ரோட்டுப் பக்கச் சன்னலில மைனஸ் 104. கிணத்தடிப் பக்கச் சன்னலில, தலை உயரத்துக்கு மேல தட்டில வைக்க மைனஸ் 96, எஸ்ஐஎன்ஆர் 12. முதல் 2, 3 எம்பிபிஎஸ் வந்த இடத்தில 15 வந்துது, அதே பெட்டி, அதே சிம். டவர் இருக்கிற பக்கம் ரோட்டுப் பக்கமெண்டு தான் எல்லாரும் நினைச்சிருந்தவை, நம்பர் வேற கதை சொல்லிச்சுது. ரவுட்டரைத் திருப்பி வைச்ச பிறகும் நம்பர் மாறும், அவசரப்படாதேங்கோ.

அப்பிடியும் சரிவராட்டி வெளி அன்ரனா. இதிலயும் ஒரு பிழை, பெட்டியில கொம்பு இருந்தா எல்லாம் 4ஜிக்கெண்டு நினைக்கிறது. கனக்கப் பெட்டியில அந்தக் கொம்பு வைபைக்கு, 4ஜி அன்ரனா உள்ளுக்க. பின்னால திருகிற ரெண்டு சொக்கெட் இருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ. மெல்லிசு வயரில 20 மீற்றர் இழுத்து மரத்தில கட்டினா அன்ரனா பிடிச்சதை வயரே திண்டுடும், குட்டையா வைச்சு ரவுட்டரை அன்ரனாவுக்குக் கிட்டக் கொண்டு போறது நல்லம். குரங்கு வாற வளவெண்டா அதுக்கும் ஒரு ஏற்பாடு செய்யுங்கோ, எனக்கு ரெண்டு அன்ரனா போனது.

பெட்டியில போட்டிருக்கிற நம்பருக்கு ஏமாறாதேங்கோ. ஏசி1200 எண்டு போட்டிருந்தா வைபை 2.4 கிகாஹேர்ட்ஸில 300 எம்பிபிஎஸ், 5 கிகாஹேர்ட்ஸில 867, ரெண்டையும் கூட்டி வட்டமாக்கின கணக்கு, அதுவும் பேப்பரில. வைபை பெயருக்குப் பின்னால 5ஜி எண்டு வந்தா அது 5ஜி டவர் இல்லை, 5 கிகாஹேர்ட்ஸ் வைபை தான். 2.4 தூரம் போகும் ஆனா மெதுவு, 5 வேகம் ஆனா ஒரு கல்லுச் சுவரைத் தாண்டினா களைச்சிடும், ரெண்டும் உள்ள பெட்டி எடுங்கோ காணும். புதுசா வந்த வைபை 7 எல்லாம் எங்கட 15 எம்பிபிஎஸ்ஸுக்குத் தேவையில்லை, உங்கட போனிலயும் அது இருக்கோணும். 4ஜி பெட்டியில கேட்டகரி 4 எண்டா உச்சம் 150 எம்பிபிஎஸ், கேட்டகரி 6 எண்டா 300, 6க்கு ரெண்டு பேண்டைச் சேத்துப் பிடிக்க ஏலும், சனம் கூடின டவரடியில அது உதவும். ஃபைபர் எடுக்கிற ஆக்கள் மட்டும் பின்னால கேபிள் குத்திற லான் ஓட்டை கிகாபிட்டோ (1000 எம்பிபிஎஸ்) எண்டு பாருங்கோ, பழைய 100 ஓட்டையெண்டா 300 பக்கேஜ் எடுத்தும் 100க்குள்ள தான். எம்பிபிஎஸ் எட்டு சேந்தா தான் செக்கனுக்கு ஒரு எம்பி, 16 வருதெண்டா படம் இறங்கிறது செக்கனுக்கு 2 எம்பி, ஏமாத்திறாங்கள் எண்டு சண்டைக்குப் போகாதேங்கோ.

வைபையைப் பிடிச்சுத் திருப்பிப் பரப்புற மலிவு ரிப்பீட்டர் வாங்கிப் பின்னறையில குத்திற ஆக்களுக்கு: அது ஒரே வாயால கேட்டு ஒரே வாயால சொல்லுற சாமான், வேகம் பாதியாப் போகும், அதையும் சிக்னல் செத்த அறைக்குள்ள வைச்சா செத்த சிக்னலைத்தான் திருப்பிச் சொல்லும். ஏலுமெண்டா கேபிள் இழுங்கோ.

கரண்டையும் மறக்காதேங்கோ. 12 வோல்ட் பெட்டிக்கு 9 வோல்ட் அடப்டர் குத்தி, அடிக்கடி தானா ஓஃப் ஆகுது, ரவுட்டர் பழுதெண்டு புதுசு வாங்கினவை இருக்கினம். வோல்ட் ஒண்டா இருக்கோணும், அம்பியர் கூட இருந்தாப் பிழையில்லை. ரவுட்டருக்கெண்டே வாற சின்ன யூபிஎஸ், பற்றரிப் பெட்டி, ஒண்டு போட்டா கரண்ட் போனாலும் பிள்ளையளின்ர சூம் வகுப்பு நிக்காது. ஐப்பசி கார்த்திகை இடி முழக்கத்துக்குள்ள பிளக்கையும் கழட்டுங்கோ, வெளியால வாற அன்ரனா வயரையும் கேபிளையும் கழட்டுங்கோ, பிளக்கை மட்டும் கழட்டிப்போட்டு வயரால இடி வந்து போன பெட்டி ஒண்டு இப்பவும் என்ர லாச்சிக்குள்ள கிடக்கு.

அந்த எட்டுக்கொம்புச் சிலந்தி வீணாகேல்லை. அடப்டரில 100-240 வோல்ட் எண்டு இருந்துது, நல்லகாலம், எங்கட கரண்டும் அதுக்குள்ள அடங்கும், பின் மட்டும் மாத்தினம். கிணத்தடிச் சன்னலில இருக்கிற 4ஜி பெட்டியில இருந்து கேபிள் இழுத்து, கேபிளால வாற நெட்டை வைபையாப் பரப்ப மட்டும் விடுற அக்சஸ் பொயின்ட் எண்ட செற்றிங்கில போட்டு முன் விறாந்தையில வைச்சம், இப்ப சித்தப்பாவின்ர கடை வாசல் வரைக்கும் வைபை போகுது. சித்தப்பா வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறார், கனடா ரவுட்டர் போட்ட பிறகு தான் நெட் பறக்குதாம். நான் கதிரையோட அலைஞ்ச கதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.