சொந்தமா கட்டுற சின்ன விமானத்துல ஸ்டிக்ல இருந்து எலிவேட்டர் வரைக்கும் லிங்கேஜ் போடுறது

பைலட் புடிக்கிற ஸ்டிக்கை ஆட்டினா எலிவேட்டர் (விமானத்தோட மூக்கை மேல கீழ ஆக்குற தகடு) அசையணும், நடுவுல அந்த அசைவை கடத்துற ராடு, கேபிள் எல்லாம் சேந்தது தான் லிங்கேஜ். எல்லாரும் முதல்ல கேக்குறது இந்த ராட் லோடு தாங்குமான்னு தான். பிளான்ல சொன்ன சைஸ், சொன்ன மெட்டீரியல் போட்டா அந்த கணக்கை டிசைனர் பாத்து வச்சிருப்பாரு. கட்டுற நம்ம பொறுப்பு ரெண்டு தான், எதுவும் கழண்டு வரக்கூடாது, எதுவும் சிக்கக்கூடாது.

புஷ்ராட் (அசைவை தள்ளி, இழுத்து கடத்துற குழாய்) நீளத்தை மட்டும் இஷ்டத்துக்கு மாத்தாதீங்க. அதே டியூபை ரெண்டு மடங்கு நீளமா போட்டா, தள்ளும்போது வளையாம தாங்குற லோடு கால்வாசிக்கு இறங்கிடும், அதனால தான் நீளமான இடத்துல நடுவுல ஒரு ஐட்லர் ஆர்ம் (ராடை தாங்கி கூடவே ஆடுற கை) வச்சு ரெண்டு ராடா பிரிக்கிறாங்க.

இப்போ ஜாயின்ட். இங்க தான் பொறுமை வேணும். ராட் எண்டை (ராட் நுனில வர்ற, உள்ள சுழல்ற பால் இருக்கிற மூட்டு) டியூப்ல திருகினதும் செக் பண்ற ஓட்டைல மெல்லிசு கம்பியை விட்டு பாருங்க, கம்பி உள்ள போச்சுன்னா த்ரெட் பத்தல, இன்னும் திருகணும், அப்புறம் ஜாம் நட்டை (ராட் எண்ட் சுத்தாம பூட்டுற நட்) டைட் பண்ணுங்க. ராட் எண்ட் ஒரு பக்கம் மட்டும் போல்ட்ல நிக்குதுன்னா வெளிப்பக்கம் பெரிய வாஷர் கண்டிப்பா போடுங்க, பேரிங் தேஞ்சு பால் வெளிய வந்தாலும் அந்த வாஷர் ராடை போல்ட்லயே புடிச்சு வச்சிருக்கும். போல்ட் சுத்த வாய்ப்பிருக்கிற எந்த ஜாயின்ட்லயும் நைலாக் நட்டை (உள்ள நைலான் வளையம் இருக்கிற நட்) நம்பாதீங்க, ஓட்டை போட்ட போல்ட், காஸில் நட் (மேல பள்ளம் வெட்டின நட்), அந்த பள்ளம் வழியா ஓட்டைல விட்டு வளைக்கிற காட்டர் பின், அவ்ளோ தான். முடிஞ்ச வரைக்கும் போல்ட் தலை மேல பாத்தோ முன்னாடி பாத்தோ இருக்கட்டும், நட் போனாலும் போல்ட் சட்டுனு விழாது.

ராடுக்கு பதிலா கேபிள்னா புல்லில ஓடுற இடத்துக்கு 7×19 (19 கம்பி முறுக்கின இழை ஏழு) தான், 1×19 (19 கம்பி ஒரே இழையா) வளையாது, அது பிரேஸிங்க்கு, அதாவது அசையாம இழுத்து கட்டுறதுக்கு. புல்லிக்கு நேரா கேபிள் வரணும், 2 டிகிரிக்கு மேல சாயக்கூடாது, லூஸானாலும் கேபிள் வெளிய குதிக்காம இருக்க கார்டு பின் வேணும். கேபிள் நுனி லூப்பை புடிக்கிற ஸ்லீவை அமுக்கினதும் கேஜ் வச்சு பாக்காம அடுத்ததுக்கு போகாதீங்க. டர்ன்பக்கிள்ல (திருகி கேபிளை டைட் பண்ற பாகம்) பேரலுக்கு, அதாவது நடு குழாய்க்கு, வெளிய 3 த்ரெட்டுக்கு மேல தெரியக்கூடாது, சேஃப்டி வயர் கட்டணும்.

எல்லாம் மாட்டினதும் ஸ்டிக் ஃப்ரீயா ஆடுதேன்னு சந்தோஷப்பட்டு நிறுத்திடாதீங்க, அது லோடே இல்லாத ஆட்டம். ஒருத்தர் எலிவேட்டரை மெதுவா புடிச்சுக்கட்டும், நீங்க ஸ்டிக்கை இழுங்க, இன்னொருத்தர் டார்ச் அடிச்சு பிராக்கெட் எங்க வளையுது, ராட் எதுல உரசுதுன்னு பாக்கட்டும், சும்மா ஆட்டும்போது நல்லா இருந்த கேப் இப்போ காணாம போகும். பெல்கிராங்க் (அசைவோட திசையை திருப்புற கை) கடைசி வரைக்கும் போகும்போது ஆர்மும் ராடும் ஒரே கோட்டுக்கு வந்துடக்கூடாது, வந்தா அந்தப் பக்கமே பூட்டிக்கும், அதுக்கு முன்னாடியே ஸ்டாப்ல (அசைவை நிறுத்துற தடை) இடிக்கணும்.

திசையும் பாருங்க. ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினா வலது ஏலரான் (றெக்கை பின்விளிம்புல ஆடுற தகடு) மேல போகணும், பின்னாடி இழுத்தா எலிவேட்டர் பின்விளிம்பு மேல. கட்டைவிரலை மேல தூக்கி ஸ்டிக்கை புடிச்சீங்கன்னா விரல் காட்டுற பக்கத்து ஏலரான் தான் மேல நிக்கணும். கேபிளை மாத்தி மாட்டினாலும் எல்லாம் ஸ்மூத்தா தான் ஆடும், அதனால ஒரு தடவை கழட்டி மாட்டினா கூட மறுபடியும் இதை பாக்கணும், கட்டாத இன்னொருத்தரும் வந்து பாத்த அப்புறம் தான் பேனலை மூடணும்.