கொலைக்கதையை நம்மூர்க் கடிகாரத்தில் படிக்காதீர்கள்

போன மாதம் இங்கே மொரிசியஸில், ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸ் போகும் மெட்ரோவில் ஒரு லண்டன் கொலைக்கதை படித்துக்கொண்டிருந்தேன். கதையில் டிசம்பர் மாதம், மாலை 5 மணி. தோட்டத்துக் கோடியில் நின்றவன் முகத்தை மாடி ஜன்னலிலிருந்து தெளிவாகப் பார்த்ததாக வேலைக்காரப் பெண் சாட்சி சொல்கிறாள். சரி, பார்த்திருப்பாள் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். டிசம்பரில் நமக்குச் சூரியன் மறைய 6.45 ஆகும்; 5 மணிக்கு வெயில் இன்னும் முதுகில் அடிக்கும். லண்டனிலோ அந்த மாதம் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். 5 மணிக்கு அந்தத் தோட்டம் கும்மிருட்டு. அவள் சொன்னது பச்சைப் பொய். 200 பக்கம் தாண்டித் துப்பறிபவர் அதை எடுத்து வைத்தபோது எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

மொரிசியஸில் உட்கார்ந்து இந்த வகை நாவல் படிக்கிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்: நம் வெயிலையும் நம் வீட்டையும் கதைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். பனியையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் பனிமேல் ஒரே வரிசைக் காலடித் தடம் என்று எழுதியிருந்தால் நமக்கு அது வெறும் வர்ணனை. குளிர்நாட்டு வாசகருக்கு அது கணக்கு: பனி எப்போது நின்றது, தடம் உள்ளே போகிறதா வெளியே வருகிறதா, உள்ளே போனவன் எங்கே? அப்படி ஒரு வரி வந்தால் நின்று இரண்டு தடவை படியுங்கள். மாடி எண்ணிலும் இதே குழிதான். நமக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் முதல் மாடி என்றால் தரைத்தளத்துக்கு மேலே இருப்பது. அமெரிக்கருக்குத் தரைத்தளமே முதல் மாடி. நியூயார்க் கதையில் ஒருவன் இரண்டாம் மாடியிலிருந்து குதித்து ஓடினால், கால் எப்படி உடையாமல் இருந்தது என்று ஆசிரியரைத் திட்ட வேண்டாம்.

காலமும் அப்படித்தான். 1930களின் கதையைப் படித்துவிட்டு, "முடிதான் கிடைத்ததே, டிஎன்ஏ பார்த்தால் முடிந்தது வேலை" என்று என் சித்தி மகன் சலித்துக்கொள்வான். பிரிட்டிஷ் விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீஸ் அந்த அடையாள முறையைக் கண்டுபிடித்ததே 1984-இல். கதை முதலில் வெளியான ஆண்டைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

அடுத்தது காசு போகும் தவறு. நாம் பிரெஞ்சிலும் படிக்கிறோம், ஆங்கிலத்திலும் படிக்கிறோம். ஒரே புத்தகம் வேறு வேறு பெயரில் வந்து ஏமாற்றும். பத்துப் பேர் ஒரு தீவில் மாட்டிக்கொள்ளும் அகதா கிறிஸ்டியின் நாவல் 1939-இல் வந்தது. ஆங்கிலத்தில் இப்போது அதன் பெயர் 'அண்ட் தென் தேர் வேர் நன்'. பிரெஞ்சுத் தலைப்பில் இனத்தை இழிவுபடுத்தும் சொல் இருந்ததால் 2020-இல் 'இல் ஸெத்தே தீஸ்' என்று மாற்றினார்கள். என் அலமாரியில் ஆங்கிலம், பழைய பிரெஞ்சுத் தலைப்பு, புதுப் பிரெஞ்சுத் தலைப்பு என்று மூன்றுமே இருக்கிறது. மூன்றாவதில் 40 பக்கம் போன பிறகுதான் உறைத்தது. அட்டையை நம்பாமல், உள்ளே மூலத் தலைப்பு அச்சிட்ட பக்கத்தைப் புரட்டிவிட்டு வாங்குங்கள்.

வரிசை விஷயத்தில் ரொம்பக் கறாராக இருக்க வேண்டாம். பிரெஞ்சில் எழுதிய சிமெனோனின் போலீஸ் அதிகாரி மெக்ரே வரும் கதைகளை எங்கிருந்தும் தொடங்கலாம். கிறிஸ்டியின் துப்பறிபவர் பொவாரோ வரும் கதைகளில் 'கர்ட்டன்' ஒன்றை மட்டும் கடைசிக்கு வையுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதி, பூட்டி வைத்து, 1975-இல்தான் அதை வெளியிட்டார்கள். ஏன் என்று சொல்ல மாட்டேன்.

பழைய நாவல்களின் மறுபதிப்பில் பேராசிரியர்கள் எழுதும் முன்னுரையை முதலில் தொடவே தொடாதீர்கள். முடிவு ஊருக்கே தெரியும் என்ற நினைப்பில் மூன்றாம் பத்தியிலேயே கொலைகாரனைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். பின்னட்டையிலும் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

அப்புறம், தினம் நாலு பக்கம் என்று இழுத்தால் யார் மருமகன், யார் வக்கீல் என்பதே மறந்துபோகும். மூன்றாம் நம்பர் புயல் எச்சரிக்கை விழுந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாள்தான் இதற்குத் தோது. டார்ச்சுக்கு பேட்டரி மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய புத்தகம் வாங்கினால் பென்சில் கிறுக்கலைக் கவனிக்காதீர்கள். சமீபத்தில் வாங்கிய ஒன்றில் 12-ஆம் பக்கத்தில் டாக்டர் பெயரை யாரோ வட்டமிட்டு, பக்கத்தில் 'இவன்தான்' என்ற பொருளில் கிரியோலில் எழுதியிருந்தார்கள். எரிச்சலோடு கடைசிவரை படித்தேன். டாக்டர் இல்லை.