வெள்ளி முலாம் பூசிய பழைய புடைப்புத் தட்டைச் சுத்தம் செய்வது எப்படி?

போன வருடம் லண்டனுக்கு வெளியே ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய கத்தி, முள்கரண்டிகளுக்கு அடியில் கிடந்த தட்டு ஒன்றை 22 பவுண்டு கொடுத்து வாங்கினேன். முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. நடுவில் துணியால் மெல்லத் துடைத்ததும் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணும் அவள் கையில் ஒரு கூஜாவும் தெரிந்தன. விம்பிள்டனில் மகளிர் இறுதியாட்டம் முடிந்ததும் வென்றவர் தூக்கிக் காட்டுவாரே ஒரு பெரிய தட்டு, அதே உருவம்.

விம்பிள்டன் தட்டை 1864-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் செய்தது. 1886 முதல் பரிசாகக் கொடுக்கிறார்கள். அதற்கு ‘வீனஸ்’ தட்டு என்று பெயர், ஆனால் நடுவில் இருப்பவள் வீனஸ் அல்ல, நிதானம் என்னும் குணத்தின் உருவம். அவளைச் சுற்றி நிலம், நீர், தீ, காற்று (நம் ஐந்தில் ஆகாயம் மட்டும் இல்லை). விளிம்பில் மினர்வா தேவியும், இலக்கணம், தர்க்கம், இசை, வடிவியல் முதலிய ஏழு கலைகளும். மூலத்தை 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சுவா பிரியோ என்பவர் பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவையில் வார்த்தார். சாப்பாட்டு மேசையில் விருந்தினர் கையில் பன்னீர் ஊற்றும்போது கீழே ஏந்தும் தட்டின் வடிவம் இது. எல்கிங்டன் போன்றவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் இதை மின்முலாம் முறையில் நகலெடுத்தார்கள்.

இந்த வரலாறு சுத்தம் செய்வதற்கும் வேண்டும். இப்படிப்பட்ட நகலுக்கு முதலில் மூலத்தை அச்செடுத்து, அச்சின்மேல் கிராஃபைட் தூள் பூசி மின்சாரம் பாயும்படி செய்து, கரைசலில் வைத்துச் செம்பைப் படியவிடுவார்கள். அப்புறம் அந்தச் செம்பின்மேல் வெள்ளி. ஆக உங்கள் கையில் இருப்பது செம்புத் தட்டு. வெள்ளி அதன்மேல் ஒரு தலைமுடிப் பருமன்கூட இருக்காது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதில் கொஞ்சம் போகிறது, திரும்ப வராது.

இதற்கு முன்பு வாங்கிய வேறொரு தட்டில் இதைத் தெரியாமல் செய்து கெடுத்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

நடக்கும் சிங்க முத்திரை இருந்தால் அது அசல் இங்கிலாந்து வெள்ளி. இந்தப் பதிவு அதற்கல்ல. ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் நிக்கல் கலவையின்மேல் முலாம். எல்கிங்டன் முத்திரையில் தனித்தனிக் கேடயங்களுக்குள் எழுத்துகள் இருக்கும். புதியவர்கள் அதை வெள்ளி முத்திரை என்று நினைத்துவிடுவார்கள்.

முத்திரையே இல்லையா? பின்பக்கம் சொரசொரப்பாக, மணல் படிந்ததுபோல் இருந்தால் மின்படிவு முறையில் செய்தது என்பதற்கு நல்ல அடையாளம். முன்பக்கத்தில் மூக்கு நுனி, முழங்கால், விளிம்பு போன்ற மேடான இடங்களில் செம்மை எட்டிப் பார்க்கிறதா என்றும் பாருங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. வெள்ளியும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது.

இன்னொன்று. சில தட்டுகளில் கறுக்காமலிருக்க வார்னிஷ் பூசியிருப்பார்கள். அது மஞ்சளாகி, கீறல் வழியே மட்டும் கோடுகோடாகக் கறுத்திருக்கும். பின்பக்கம் ஒரு ஓரத்தில் அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பஞ்சு பிசுபிசுவென்று மஞ்சளானால் முதலில் வார்னிஷை எடுக்க வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

தேவையானவை

மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் தூள் (ஓவியப் பொருள் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும்), டிஸ்டில்டு வாட்டர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, பஞ்சு உருண்டை, மூங்கில் குச்சி, நீர்வண்ணம் தீட்டும் மென்மையான தூரிகை இரண்டு, நைட்ரைல் கையுறை.

ரப்பர் கையுறை வேண்டாம். ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுக்க வைப்பதே கந்தகம்தான். பள்ளிக்கூடச் சாக்பீஸைப் பொடித்துப் பயன்படுத்தலாமா என்றால், கூடாது. அது பெரும்பாலும் ஜிப்சம், நடுவில் கரடான துகளும் இருக்கும்.

காது குடையும் பஞ்சுக்குச்சியும் எனக்குப் பிடிக்காது. பஞ்சு இறுகச் சுற்றியிருப்பதால் தேய்க்கத்தான் செய்யும். மூங்கில் குச்சி நுனியில் நீங்களே தளர்வாகச் சுற்றிக்கொண்டால் ஆடை மடிப்பின் உள்ளே வரை மெதுவாக உருட்டலாம்.

தூசியை எடுப்பது

தட்டில் படிந்த தூசியில் மணல் துகள்கள் இருக்கும். அப்படியே தேய்த்தால் கீறிவிடும். ஒரு டப்பில் பழைய துண்டை விரித்து, வெதுவெதுப்பான நீரில் அந்த இரண்டு சொட்டுத் திரவத்தை விட்டுத் தூரிகையால் கழுவுங்கள். ஊற வைக்காதீர்கள். பின்னால் துணி ஒட்டியிருந்தாலோ மாட்டும் கம்பி இருந்தாலோ தண்ணீரில் இறக்கவே வேண்டாம், நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

மெருகேற்றுவது

நான் கெடுத்த தட்டில் செய்தது இதுதான். கடையில் ‘முக்கி எடுத்தால் போதும்’ என்று விற்கும் திரவத்தில் முக்கினேன். அரை நிமிடத்தில் பளபளவென்று ஆனது. எடுத்துப் பார்த்தால் எல்லா உருவங்களும் தட்டையாகிவிட்டன. புடைப்பின் உயரம் அப்படியே இருந்தும் எது கை, எது துணி என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பள்ளங்களில் இருந்த கறுப்பு போனதும் நிழலே போய்விட்டது. அலுமினியத் தட்டு மாதிரி இருந்தது. அந்தத் திரவத்தில் உள்ள அமிலம் மேற்பரப்பைப் பொடிப்பொடியாக அரித்ததில், மூன்றே மாதத்தில் முன்னைவிட மோசமாகக் கறுத்தது.

அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீரில் வைக்கும் முறைக்கும் இதே குறை உண்டு. அலுமினியம் கந்தகத்தை இழுத்துக்கொள்ள, வெள்ளி வெள்ளியாகவே தட்டில் தங்குகிறது என்பது உண்மை. சாதாரண கரண்டிக்குச் செய்யலாம். ஆனால் எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்று அந்தத் தண்ணீருக்குத் தெரியாது. பள்ளத்தில் உள்ள நூறு வருடக் கறுப்பும் சேர்ந்து போய்விடும். புடைப்பு வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, எப்படிச் செய்வது? ஒரு ஸ்பூன் கால்சியம் கார்பனேட்டில் டிஸ்டில்டு வாட்டர் விட்டு, தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாகக் கரையுங்கள். முதலில் பின்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவில் சோதித்துப் பாருங்கள். பிறகு முன்பக்கத்தில் மேடுகளில் மட்டும் வேலை: நெற்றி, தோள், முழங்கால், ஆடை மடிப்பின் மேல்விளிம்பு. பஞ்சை அழுத்தாமல் உருட்டுங்கள், கறுத்ததும் மாற்றுங்கள். அழுக்குப் பஞ்சையே மறுபடி ஓட்டினால் எடுத்த கறுப்பும் துகளும் சேர்ந்து கீறும். என் தட்டுக்கு அறுபது பஞ்சுக்கு மேல் போனது.

உள்ளங்கை அளவு முடிந்ததும் நிறுத்தி, தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். முகத்தில் கண்குழி இருண்டும் கன்னம் ஒளிர்ந்தும் இருந்தால் அந்த இடம் முடிந்தது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று கை போகும். அங்கேதான் நிறுத்த வேண்டும். செம்மை தெரியும் இடத்தில் பஞ்சை வைக்கவே வைக்காதீர்கள்.

வெள்ளைத் தூளை எடுப்பது

இரண்டாம் தட்டில் என்னைத் தடுக்கிவிட்டது இந்த இடம். முழுத் தட்டையும் முடித்துவிட்டுக் கழுவலாம் என்று இருந்தேன். அதற்குள் முதலில் பூசியது காய்ந்துவிட்டது. மினர்வாவின் தலைக்கவசம், பெண்களின் கூந்தல், லத்தீன் எழுத்துகளின் ஓரம் என்று எல்லா இடத்திலும் விபூதி பூசியதுபோல் வெள்ளை. கால்சியம் கார்பனேட் தண்ணீரில் கரையாது. வினிகரில் கரையும், ஆனால் செம்பு தெரியும் தட்டில் வினிகர் பட்டால் பச்சை பிடிக்கும். ஊசியால் சுரண்டினால் முலாம் போகும்.

கடைசியில் எனக்கு உதவியது: பாதி டிஸ்டில்டு வாட்டர், பாதி ஆல்கஹால் கலந்து தூரிகையில் தொட்டு அந்த இடத்தை நனைத்து, இரண்டு நிமிடம் விட்டு, தூரிகையின் நுனியால் தட்டித்தட்டி எடுப்பது. தேய்த்தால் தூள் இன்னும் உள்ளே போகும், தட்டினால் மேலே வரும். வந்ததை உடனே ஈரப் பஞ்சில் ஒற்றிவிட வேண்டும். கூந்தலுக்கு மட்டும் இரண்டு மாலைகள் ஆயின.

இப்போதெல்லாம் உள்ளங்கை அளவு முடிந்ததும் அது ஈரமாக இருக்கும்போதே அலசிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போகிறேன். இதை மட்டும் மறக்காதீர்கள்.

கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில்தான். லண்டன் குழாய்த் தண்ணீர் கடினநீர், காய்ந்தால் திட்டுத்திட்டாக வெள்ளை விடும். பிறகு ஆல்கஹால் பஞ்சால் ஒற்றி, ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து உலர்த்துங்கள்.

வைக்கும் இடம்

கம்பளித் துணியிலோ ஃபெல்ட்டிலோ சுற்றாதீர்கள், இரண்டும் கந்தகம் விடும். சமையலறைச் சுவரும் வேண்டாம். கறுக்காமலிருக்கப் பூசும் நுண்மெழுகைச் சிலர் சொல்வார்கள். வழவழப்பான பாத்திரத்துக்கு நல்லது. புடைப்பில் மெழுகு பள்ளத்தில் தங்கித் தூசியைப் பிடிக்கிறது. நான் போடுவதில்லை. வாரம் ஒருமுறை தூரிகையால் தூசி தட்டுவது போதும்.

பிற்சேர்க்கை

பதிவைப் படித்த பலர் கேட்டது: ‘விபூதியால் தேய்க்கலாமா? அம்மா வெள்ளிக் குத்துவிளக்கை அப்படித்தான் தேய்ப்பார்.’ என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அது முழு வெள்ளி, கொஞ்சம் தேய்ந்தால் உள்ளேயும் வெள்ளிதான். சாணச் சாம்பலில் மணலின் பொருளான சிலிக்கா நிறைய உண்டு, முலாம் அதைத் தாங்காது. பற்பசையும் பல்பொடியும் அப்படியே. புளி செம்புக்குத்தான் ஆகும். முலாம் தேய்ந்த இடத்தில் செம்மையை இன்னும் எடுத்துக்காட்டிவிடும்.

இன்னொருவருடைய தட்டில், சுத்தம் செய்த பிறகு பச்சைப் புள்ளிகள் வந்தன. அது முலாமில் உள்ள நுண்துளை வழியே செம்பு களிம்பேறுவது. ஈரம் உள்ளே தங்கியிருந்தால் இப்படி வரும். மூங்கில் குச்சியின் நுனியை ஆல்கஹாலில் நனைத்து மெல்ல நிமிண்டி எடுத்து, நன்றாக உலர்த்தச் சொன்னேன்.

செம்மை தெரிகிறதே, மறுபடி முலாம் பூசக் கொடுக்கலாமா என்பது மூன்றாவது கேள்வி. முலாம் பூசுமுன் பட்டறையில் தட்டை முழுக்கத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். விரல் நகம், கண் இமை போன்ற நுண்கோடுகள் அதில் மழுங்கும், பழைய நிழலும் போகும். என் தட்டில் நிதானத்தின் முழங்காலும் கூஜாவின் வயிறும் சிவந்துதான் இருக்கின்றன. நான் கொடுக்கவில்லை.