கமிட் செய்தியும் கடைமடையும்
திருத்துறைப்பூண்டியில் நாங்கள் நாலு பேர் ஒரு பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு கோடு அனுப்புகிறோம். கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில், ஒவ்வொரு பதிவோடும் (கமிட்) எழுதும் சிறு விளக்கம்தான் கமிட் செய்தி. அதற்கான விதிகளை ஆவணத்தில் எழுதினால் யாரும் படிப்பதில்லை (நானும்தான்). கமிட்-எம்எஸ்ஜி ஹூக்கில் (கமிட் செய்யும்போது செய்தியைச் சரிபார்க்க கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) சோதனையை வைத்துவிடுங்கள்.

ஒரு சிக்கல். ரெப்போவை (திட்டத்தின் கோடு இருக்கும் கிட் களஞ்சியம்) குளோன் செய்யும்போது, அதாவது நம் கணினிக்கு நகலெடுக்கும்போது, ஹூக் கூடவே வராது. மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்கால் தூர்வாராமல் கடைமடைக்கு வருமா? ஹூக்கை ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் போட்டு, ‘கோர்.ஹூக்ஸ்பாத்’ அமைப்பில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். 2016-இல் வந்த கிட் 2.9 முதல் இந்த வசதி உண்டு. ஒவ்வொருவரும் தன் கணினியில் ஒருமுறை செய்தால் போதும்.

தலைப்பு வரி 50 எழுத்துக்குள் என்பது வழக்கம். தமிழில் எழுதுபவர்கள் மட்டும் கவனிக்கவும்: பைட்டை எண்ணும் ஹூக் ‘க’ என்ற ஒற்றை எழுத்தையே மூன்றாக எண்ணும். அப்புறம், ஹூக்கைத் தாண்டிவிடும் ‘நோ-வெரிஃபை’ போட்டு நழுவுபவர்களுக்காக அதே சோதனையை சிஐ-யிலும் (கோடு வந்ததும் சர்வரில் தானாக நடக்கும் சோதனை) ஓடவிடுங்கள்.